தூசியா, பொட்டா?

இந்த முறை எபிசோட்டில் பழைய படங்களைத் திருத்தும் மென்பொருள்கள் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தோம். எதுக்குக் காசு கட்ட வேணும், எது இலவசம், எது டெலிபோனிலேயே ஓடும் என்பதெல்லாம் அங்கே இருக்கு. நேரம் காணாததால் பின்னுக்குப் போன ஒரு விஷயத்தை இங்கே எழுதுகிறேன்.

என்ர கருத்து இதுதான். ஸ்கான் செய்த குடும்பப் படத்தில் புள்ளிகளைத் தானாகவே அழிக்கும் பொத்தான் இருக்கே, அதை மூலக் கோப்பின் மேல் ஒருநாளும் அழுத்தக் கூடாது. நகலில் அழுத்துங்கோ, தேவையான இடத்தில் மட்டும் அழுத்துங்கோ, எதை அழிக்கிறோம் என்று பார்த்து அழுத்துங்கோ.

இது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. மென்பொருளுக்குத் தூசி என்றால் என்னவென்று தெரியாது, அவ்வளவுதான். அதுக்குத் தெரிந்தது "சுற்றியிருப்பதில் இருந்து வேறுபடுகிற சின்னப் பொருள்" மட்டும். இப்ப உங்கட அம்மம்மாவின் படத்தில் சுற்றியிருப்பதில் இருந்து வேறுபடுகிற சின்னப் பொருட்கள் எவை என்று யோசித்துப் பாருங்கோ. நெற்றியில் பொட்டு. மூக்குத்தி. தோடு. கன்னத்தில் மச்சம். மடியில் இருக்கும் குழந்தைக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு. பின்னால் சுவரில் இருக்கும் ஓட்டைகள். மென்பொருளின் கண்ணுக்கு இவை எல்லாம் அழுக்கு.

பொத்தானுக்குப் பின்னால் நடக்கும் கணக்கு

புள்ளி அழிக்கும் பில்டர்களின் அடிப்படை பெரும்பாலும் மீடியன் என்ற பழைய கணக்குத்தான். தரவைச் சமப்படுத்த இதை 1970களில் பிரபலமாக்கியவர் ஜோன் டூக்கி. "பிட்" என்ற சொல்லை உருவாக்கியவரும் அவர்தான்.

கணக்கு சுலபம். ஒரு பிக்சலை எடு, அதைச் சுற்றியுள்ள 8 பிக்சல்களையும் எடு. மொத்தம் 9 எண்கள். சிறியதில் இருந்து பெரியதாக அடுக்கு, நடுவில் இருக்கும் 5வது எண்ணை எடுத்து அந்த இடத்தில் வை. வெள்ளைச் சுவரில் ஒரு கறுப்புத் தூசி என்றால் எண்கள் இப்படி இருக்கும்: 30, 198, 199, 200, 200, 201, 201, 202, 203. ஐந்தாவது 200. தூசி போய்விட்டது, சுவர் சுவராகவே இருக்கிறது. சராசரி எடுத்திருந்தால் அந்த 30 எல்லாவற்றையும் கொஞ்சம் இருட்டாக்கியிருக்கும். மீடியன் அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். அழகான வேலை.

இப்ப அதே கணக்கை மூக்கில் செய்து பாருங்கோ. தோலின் எண்கள் 118, 119, 120, 120, 121, 121, 122, 122. மூக்குத்தியின் மினுக்கம் 250. அடுக்கினால் ஐந்தாவது 121. மூக்குத்தி போய்விட்டது. கணக்கு பிழைக்கவில்லை, சொன்னதைத்தான் செய்தது.

போட்டோஷொப்பில் தூசி, கீறல் நீக்கும் பில்டரில் இரண்டு அளவுகள் இருக்கும். ஒன்று ஆரம், மற்றது எல்லை அளவு. எவ்வளவு வேறுபட்டால் அழிக்கலாம் என்று சொல்வது இரண்டாவது. அதைக் கூட்டினால் பாதுகாப்பு என்று பலர் நினைப்பினம். கூட்டினால் மெல்லிய வேறுபாடுகள் தப்பும், கடும் வேறுபாடுகள்தான் அழியும். மங்கலான தூசி அப்படியே இருக்க, கடும் கறுப்பாய் இருக்கிற பொட்டு முதலில் போகும். எங்கட படங்களுக்கு இது தலைகீழ்.

அளவையும் பாருங்கோ. ஊரில் எடுத்த குழுப்படம் ஒன்றில் ஒரு முகம் 1 சென்டிமீட்டர் உயரம் இருக்கலாம். உண்மையான முகத்தில் பொட்டு முகத்தின் உயரத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு என்று வைத்தால், படத்தில் அது 0.4 மில்லிமீட்டர். 300 டிபிஐயில் ஸ்கான் செய்தால் அது கிட்டத்தட்ட 5 பிக்சல் அகலம். ஒரு தூசித் துணுக்கும் அதே அளவுதான். கணனியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. 600 டிபிஐயில் செய்தால் 9 பிக்சல் கிடைக்கும், குறைந்தது மனிதக் கண்ணாவது எது எதுவென்று பிரித்தறியும். அதனால்தான் சின்ன பிரிண்ட்களைக் கூடிய டிபிஐயில் ஸ்கான் செய்யச் சொல்கிறேன்.

ஒரு புள்ளியும் இரண்டு புள்ளியும்

படங்களோடு நிற்காமல் கடிதங்கள், கல்யாணக் கார்டுகள், ஊர்ச் சங்க மலர்கள், பழைய பத்திரிகை நறுக்குகள் எல்லாவற்றையும் நாங்கள் ஸ்கான் செய்கிறோம். ஆவண ஸ்கானர்களின் மென்பொருளில் "புள்ளி நீக்கு" என்ற தெரிவு இருக்கும். சிலவற்றில் அது முதலிலேயே போடப்பட்டிருக்கும்.

தமிழில் புள்ளி நீக்கினால் என்ன ஆகும்? "மன்னார்" என்பது "மனனார" ஆகும். "கல்" என்பது "கல" ஆகும், "பால்" என்பது "பால" ஆகும். மனிதர் வாசித்தால் இடம் பார்த்து ஊகிக்கலாம். எழுத்துணரி மென்பொருள் ஊகிக்காது. அது "மனனார" என்றே பதிந்து வைக்கும். நாளைக்கு யாராவது மன்னார் என்று தேடினால் அந்தப் பக்கம் வராது. பக்கம் இருக்கிறது, ஆனால் தேடுபவருக்கு இல்லாத மாதிரித்தான்.

இதில் ஒரு வரலாற்று வேடிக்கையும் இருக்கு. மெய்யெழுத்துக்குப் புள்ளி வரும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. ஆனால் ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடவில்லை. ஓலையில் இருந்ததைப் பதிப்பித்தவர்கள் எங்கே மெய், எங்கே உயிர்மெய் என்று சொல்லுக்குச் சொல் யோசித்து முடிவெடுக்க வேண்டியிருந்தது. அச்சு வந்த பிறகு அந்தப் புள்ளிகள் நிலையாக இடம் பிடித்தன. இப்ப நாங்கள் ஒரு டிக் அடையாளத்தால் அதே பக்கங்களைத் திரும்பவும் ஓலைக் காலத்துக்கு அனுப்புகிறோம்.

"எனக்குத் தமிழ் வாசிக்கக் கஷ்டம், டொச்தான் சுகம்" என்கிறவர்களுக்கும் இதே கதைதான். அங்கே ஒரு எழுத்துக்கு இரண்டு புள்ளி. உம்லாவுட்டின் புள்ளிகளை எடுத்தால் "அழகான" என்ற சொல் "ஏற்கனவே" என்று மாறும், "அழுத்து" என்ற சொல் "அச்சிடு" என்று மாறும். சூரிச் நகரத்தின் பெயரிலேயே இரண்டு புள்ளி இருக்கு. இந்த நாட்டில் ஆயிரத்தைப் பிரிக்க மேல்காற்புள்ளி போடுகிறோம், சதத்தைப் பிரிக்கப் புள்ளி போடுகிறோம். பில் ஒன்றில் அந்தச் சின்னப் புள்ளி அழிந்தால் 45 பிராங் 50 சதம் என்பது 4550 பிராங் ஆகத் தெரியும்.

மென்பொருள் பக்கத்தை "வடிவாக்க" வெளிக்கிட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2013ல் ஒரு உதாரணம் வந்தது. டேவிட் கிரீசல் என்ற ஜெர்மன் கணனியியலாளர் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் வொர்க்சென்டர் இயந்திரத்தில் ஸ்கான் செய்து பார்த்தார். வரைபடத்தில் மூன்று அறைகள்: 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஸ்கானில் மூன்றும் 14.13. இயந்திரம் பயன்படுத்திய ஜேபிக் 2 என்ற சுருக்க முறை, ஒரே மாதிரித் தெரிகிற துண்டுகளை ஒன்றென்று எடுத்து, ஒரு துண்டின் நகலையே எல்லா இடத்திலும் ஒட்டியது. மங்கலாக இருந்திருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருப்பார்கள். ஆனால் வந்த எண் கூர்மையாக, சுத்தமாக, பிழையாக இருந்தது. இதன் பிறகு 2015ல் ஜெர்மனியிலும் சுவிஸிலும் ஆவணக் காப்புக்கு ஜேபிக் 2 வேண்டாம் என்று அதற்குப் பொறுப்பான அமைப்புகள் சொல்லிவிட்டன. அழுக்கான உண்மை, சுத்தமான பிழை என்று இரண்டு தந்தால், காப்பகத்துக்கு முதலாவதுதான் வேணும்.

பின்னணியில்தான் ஊர் இருக்கு

"முகத்தைத் தொட மாட்டேன், பின்னணியை மட்டும்தான் சுத்தம் செய்கிறேன்" என்று சிலர் சொல்லுவினம். எனக்கு அதிலும் சம்மதம் இல்லை. முகம் யாருடையது என்று குடும்பத்துக்குத் தெரியும். எங்கே, எப்போது என்பதைச் சொல்வது பின்னணிதான்.

சூரிச் ஈ.டி.எச் நூலகத்தின் படக் காப்பகத்தைப் பாருங்கோ. அங்கே இருக்கும் ஸ்விஸ்எயர் படங்களை அடையாளம் காண, நிறுவனத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் உதவினார்கள். பிறகு பொதுமக்களுக்கும் அதைத் திறந்துவிட்டார்கள். எந்த ஊர் என்று தெரியாத படங்களை இணையத்தில் போட, ஆட்கள் பார்த்து இது இந்தக் கிராமம், இது இந்த ரயில் பாதை என்று எழுதி அனுப்புகிறார்கள். அவர்கள் எதைப் பார்த்து அடையாளம் காண்கிறார்கள்? ஒரு தேவாலயக் கோபுரம், ஒரு கம்பம், மலைச்சரிவில் ஒரு கீற்று. "பின்னணி இரைச்சல்" என்று யாராவது அவற்றைத் துடைத்திருந்தால் அந்தப் படங்கள் இன்னும் பெயரில்லாமல்தான் கிடக்கும்.

எங்கட படங்களில் பின்னணி இன்னும் பாரமானது. கல்யாண வீட்டுப் படத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் சுவரில் வரிசையாய்ச் சின்னப் பள்ளங்கள் இருந்தால் அவை சுண்ணாம்பு உதிர்ந்த இடமாகவும் இருக்கலாம், சன்னம் பட்ட இடமாகவும் இருக்கலாம். கல்யாணத்தில் போடும் ஸ்லைட் ஷோவுக்காக அதைத் தேய்த்து மழமழவென்று ஆக்கும்போது, நாங்கள் அறியாமலே ஒரு சாட்சியை வெளியே அனுப்புகிறோம். அழிக்க முதல் அம்மாவிடமோ சித்தப்பாவிடமோ "இது என்ன?" என்று கேளுங்கோ. சில நேரம் "அது ஒன்றுமில்லை" என்பார்கள். சில நேரம் கதை வரும்.

செய்தி நிறுவனங்களுக்கு இதில் தெளிவான கோடு இருக்கு. கமரா சென்சரில் இருந்த தூசியையும், ஸ்கான் செய்த நெகட்டிவில் உள்ள கீறலையும் நீக்கலாம் என்று ஏ.பி. நிறுவனத்தின் விதி சொல்கிறது. கமராவுக்கு முன்னால் இருந்த எதையும் நீக்கக் கூடாது. 2014 ஜனவரியில், சிரியாவில் எடுத்த ஒரு படத்தின் மூலையில் தெரிந்த இன்னொருவரின் வீடியோ கமராவை அழித்ததற்காக, புலிட்சர் பெற்ற குழுவில் இருந்த படப்பிடிப்பாளருடன் தொடர்பையே முறித்தார்கள். அவர் கொடுத்த கிட்டத்தட்ட 500 படங்களையும் பரிசோதித்தார்கள். வேறு திருத்தம் எதுவும் கிடைக்கவில்லை, ஆனாலும் முடிவை மாற்றவில்லை.

சுவிஸிலும் ஒரு பழைய பாடம் இருக்கு. 1997 நவம்பரில் எகிப்தின் லுக்சோரில் நடந்த படுகொலையில் கொல்லப்பட்டவர்களில் பெரும்பான்மையானோர் சுவிஸ் உல்லாசப் பயணிகள். அப்போது பிளிக் பத்திரிகையில் வந்த ஒரு படத்தில், கோயிலுக்கு முன்னால் தேங்கியிருந்த தண்ணீர் இரத்தம் போலச் சிவப்பாக்கப்பட்டிருந்தது. அங்கே கொடுமை நடந்தது முழு உண்மை. நிறம் மாற்றியதால் அந்த உண்மைக்கு எந்த நன்மையும் இல்லை, படத்தின் மேல் சந்தேகம்தான் வந்தது. எங்கட சமூகத்துக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல ஆட்கள் காத்திருக்கும்போது, திருத்திய படம் ஒன்று கையில் இருப்பது எவ்வளவு பெரிய பலவீனம் என்று எல்லாருக்கும் தெரியும்.

அழிக்காமல் விட்ட ஒரு புள்ளி

பேர்ண் நகரத்துக்குத் தெற்கே சிம்மர்வால்ட் என்ற கிராமத்தில் பேர்ண் பல்கலைக்கழகத்தின் வானிலக்கண நிலையம் இருக்கு. 1978 ஜனவரி 6ம் தேதி, போல் வில்ட் என்ற வானியலாளர் அங்கேயுள்ள 40 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியில் எடுத்த படத்தில் ஒரு மங்கலான புள்ளியைக் கண்டுபிடித்தார். அது ஒரு வால்வெள்ளி. இன்றைக்கு அதன் பெயர் வில்ட் 2. 2004 ஜனவரி 2ம் தேதி நாசாவின் ஸ்டார்டஸ்ட் விண்கலம் அதன் பக்கத்தால் போய்த் தூசித் துகள்களைப் பிடித்தது. 2006 ஜனவரியில் அந்தத் துகள்கள் பூமிக்கு வந்து சேர்ந்தன.

வானியலாளர்களின் படத் தகடுகளிலும் தூசி நிறைய இருக்கும். அவர்கள் எப்படிப் பிரித்தார்கள்? ஒரே வானத்தை இரண்டு தடவை எடுப்பார்கள். ஒரு தகட்டில் மட்டும் இருந்து மற்றதில் இல்லாத கீற்றில் சந்தேகம் வைப்பார்கள். இரண்டிலும் இருந்து, இடம் கொஞ்சம் மாறியிருந்தால் அது நகரும் பொருள். அழிக்கும் முடிவை ஒப்பிட்ட பிறகுதான் எடுப்பார்கள்.

இதை நாங்கள் வீட்டில் அப்படியே செய்யலாம். பிரிண்டை ஒரு முறை ஸ்கான் செய்யுங்கோ. பிறகு அதை 180 பாகை திருப்பி வைத்து இன்னொரு முறை ஸ்கான் செய்யுங்கோ. கணனியில் இரண்டாவதைத் திரும்ப நேராக்கி, முதலாவதின் மேல் வையுங்கோ. ஸ்கானர் கண்ணாடியில் இருந்த தூசி இரண்டிலும் வேறு வேறு இடத்தில் நிற்கும். படத்தில் உண்மையாக இருக்கும் பொட்டு ஒரே இடத்தில் நிற்கும். இங்கே செயற்கை நுண்ணறிவு ஒன்றும் தேவையில்லை, இரண்டு நிமிடப் பொறுமை போதும்.

நிரப்புவது யாருடைய பிக்சல்?

அழித்த இடத்தில் எதை வைப்பது என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் கடந்த சில வருடங்களில் விஷயம் மாறிவிட்டது.

பழைய குளோன் கருவி அதே படத்தின் வேறு இடத்தில் இருந்து எடுத்து ஒட்டும். ஹீலிங் கருவியும் அப்படித்தான், ஒட்டிய இடத்தின் வெளிச்சத்தையும் சரிசெய்யும். 2010ல் போட்டோஷொப் சிஎஸ் 5ல் வந்த தானாக நிரப்பும் வசதியும் அதே படத்துக்குள் பொருத்தமான துண்டுகளைத் தேடித்தான் எடுத்தது. அதாவது, உங்கட வீட்டுச் சுவரின் ஓட்டையை உங்கட வீட்டுச் சுவராலேயே அடைத்தது.

2023ல் வந்த ஜெனரேட்டிவ் பில் அப்படி இல்லை. அது கோடிக்கணக்கான மற்றப் படங்களில் இருந்து கற்றதை வைத்துப் புதிதாக வரையும். முகத்தைக் கூர்மையாக்கும் ஆப்களும் இந்த வகைதான். பழைய முகங்களைச் சீராக்கப் பலர் பயன்படுத்தும் ஜிஎப்பிகான் என்ற மென்பொருளை எடுங்கோ. அதைப் பயிற்றுவித்தது எப்எப்எச்கியூ என்ற தொகுப்பில். அதில் ஃபிளிக்கர் தளத்தில் இருந்து எடுத்த 70,000 முகங்கள் இருக்கு. மங்கலான முகம் ஒன்றைக் கொடுத்தால், அந்த முகங்களில் கற்ற சாடையை நோக்கித்தான் அது இழுக்கும். உங்கட அப்பப்பாவை அதுக்குத் தெரியாது. 2020ல் பல்ஸ் என்ற இன்னொரு மென்பொருளுக்கு ஒபாமாவின் மங்கலாக்கிய படத்தைக் கொடுத்தபோது ஒரு வெள்ளைக்காரரின் முகம் வந்தது. உலகமே அறிந்த முகத்துக்கே அந்த நிலை என்றால், புங்குடுதீவில் இருந்து வந்த ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு என்ன நடக்கும்?

ஆகவே என்ர விதி: தூசி போன இடத்தை அதே படத்தின் பிக்சலால் நிரப்புங்கோ. முகத்தில், எழுத்தில், நகையில், பின்னணிச் சுவரில் புதிதாக எதையும் வரைய விடாதேங்கோ.

அப்ப என்னதான் செய்வது?

முதலில் கையால் சுத்தம். மென்மையான தூரிகை, காற்று ஊதும் ரப்பர் பந்து, இழை விடாத துணியால் துடைத்த கண்ணாடி. பிரிண்டின் மேல் தண்ணீர் படக் கூடாது. ஸ்கானுக்கு முதல் இரண்டு நிமிடம் செலவழித்தால் பிறகு இரண்டு மணித்தியாலம் மிச்சம்.

இரண்டாவது, ஆல்பத்தின் பின்பக்கம், பழைய பிஸ்கட் டின், லேப் உறை எல்லாவற்றிலும் நெகட்டிவ் இருக்கா என்று தேடுங்கோ. எண்பதுகளில், தொண்ணூறுகளில் இங்கே கழுவிய கலர்ப் படங்களின் நெகட்டிவ்கள் பல வீடுகளில் உறையோடு இருக்கு. கலர் நெகட்டிவுக்கு டிஜிட்டல் ஐஸ் என்ற நல்ல முறை உண்டு. கலர் பிலிமின் சாயங்கள் அகச்சிவப்பு ஒளியை விட்டுவிடும், தூசி மறிக்கும். ஆகவே அகச்சிவப்பில் எடுத்த ஸ்கானில் தூசி மட்டும் தனியாகத் தெரியும். ஊகம் இல்லை, அளவீடு. பொட்டும் மூக்குத்தியும் தப்பும். ஆனால் சாதாரண கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு இதைப் போடாதேங்கோ. அங்கே உருவத்தைச் செய்திருப்பதே வெள்ளித் துகள். அது அகச்சிவப்பையும் மறிக்கும், இயந்திரம் ஆளையே தூசி என்று நினைக்கும்.

மூன்றாவது, முதல் ஸ்கானை டிஃப் கோப்பாக, எந்தத் திருத்தமும் இல்லாமல் வையுங்கோ. ஓரத்தை வெட்டாதேங்கோ, ஸ்டூடியோவின் முத்திரை அங்கேதான் இருக்கும். பின்பக்கத்தையும் ஸ்கான் செய்யுங்கோ, தேதியும் கையெழுத்தும் அங்கே இருக்கும். சுவிஸின் கையெழுத்துச் சுவடிகளை இணையத்தில் தரும் ஈ-கோடிசஸ் தளத்தைப் பார்த்தால் தெரியும், தோல் ஏட்டில் ஓட்டை இருந்தால் ஓட்டையோடுதான் காட்டுவார்கள். இடாப்பில் பதியும் மனநிலை அது. திருத்துவது பிறகு, வேறு கோப்பில்.

நாலாவது, திருத்தும் கோப்பில் புதிய லேயர் போட்டு அதில் மட்டும் வேலை செய்யுங்கோ. போட்டோஷொப்பிலும் முடியும், ஜிம்ப்பிலும் முடியும். கோப்பின் பெயரிலேயே "திருத்தியது" என்று எழுதுங்கோ. வட்ஸ்அப்பில் போகும்போது லேயரும் போகாது, குறிப்பும் போகாது. பெயர் சில நேரம் போகும்.

"வடிவா இருந்தால் போதாதா?"

இதற்கு எதிரான வாதம் எனக்குத் தெரியும், அதில் நியாயமும் இருக்கு. ஒருவர் இறந்தால் மரண அறிவித்தலுக்கு அன்றைக்கே படம் வேணும். யாரோ ஒருவரின் கல்யாணக் குழுப்படத்தில் இருந்து வெட்டி, பக்கத்தில் நின்றவரின் தோளை அழித்து, நீலப் பின்னணி போட்டு, சிலவேளை கோட்டும் போட்டு அனுப்புவோம். 31ம் நாள் நினைவு மலரிலும் அதே படம் வரும், வீட்டுச் சாமி அறையிலும் அதே படம் தொங்கும். அந்த நேரத்தில் யாரும் டிபிஐ பற்றிக் கதைக்க ஏலாது. கதைக்கவும் கூடாது. மகளுக்கு அப்பா வடிவாகத் தெரிய வேணும், அது அவரின் உரிமை. ஊர் ஸ்டூடியோக்காரரும் அந்தக் காலத்தில் நெகட்டிவில் பென்சிலால் தொட்டுத்தான் கொடுத்தார்.

எனக்குப் பயம் அதற்கு அடுத்த கட்டம். பத்து வருடத்தில் அந்தக் குழுப்படம் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. வெட்டிய படம் மட்டும் மிஞ்சும். தோளில் கை போட்டு நின்ற நண்பர் இல்லை, பின்னால் இருந்த பந்தல் இல்லை, அது எந்த வீடு என்று சொல்ல எதுவும் இல்லை. நல்லெண்ணத்தோடு செய்த திருத்தமே ஒரே மூலமாகிவிடும்.

வேறு சமூகங்களுக்கு இது சின்ன இழப்பு. அவர்களின் ஊராட்சி அலுவலகத்திலும் தேவாலயத்திலும் நூலகத்திலும் இன்னொரு பிரதி இருக்கும். எங்களுக்கு 1981ல் யாழ்ப்பாண நூலகம் கிட்டத்தட்ட 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் எரிந்தது. அதற்குப் பிறகு இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் வீடுகளில் இருந்த ஆல்பங்கள் போயின. 2005ல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இவ்வளவு பக்கங்களை ஸ்கான் செய்து வைத்திருப்பதன் அருமை அதனால்தான் எங்களுக்குத் தெரியும். வீட்டு அலுமாரியில் இருக்கும் படம் எங்களுக்குப் பிரதி இல்லாத ஆவணம். அதைக் கையாளும் முறையும் அப்படி இருக்க வேணும்.

இந்த வேலையை எங்கட தலைமுறைதான் செய்ய வேணும். அம்மா அப்பாவுக்கு யார் எவர் என்று தெரியும், ஆனால் லேயர் தெரியாது. எங்களுக்குப் பின்னால் வருபவர்களுக்கு லேயர் தெரியும், கேட்க ஆள் இருக்காது. இரண்டையும் ஒரே மேசையில் வைக்கக்கூடியவர்கள் இப்போதைக்கு நாங்கள் மட்டும்தான்.

இந்தச் சனி ஞாயிறில் ஒரு படம் எடுங்கோ, ஒன்றே ஒன்று. இரண்டு தடவை ஸ்கான் செய்து, பெரிதாக்கி, அம்மாவைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு புள்ளியாக "இது என்ன?" என்று கேளுங்கோ. அவர் "தூசி, துடை" என்று சொன்னால் துடையுங்கோ. வேறு ஏதாவது சொன்னால் எழுதி வைத்துவிட்டு, இந்த மடலுக்குப் பதிலாக எனக்கும் ஒரு வரி அனுப்புங்கோ.